பலாலிக்கு எத்தனை நாழிகை?

ஓர் ஊர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்டால், நம் முன்னோர் "நாழிகை வழி" என்று கணக்குச் சொல்வது உண்டு. ஒரு நாழிகைப் பொழுதில், அதாவது இருபத்து நான்கு நிமிஷத்தில், ஒருவன் நடந்து கடக்கக்கூடிய தூரம் ஒரு நாழிகை வழி. தூரத்தை அளக்க நேரத்தையே கோலாகக் கொண்டார்கள். கால் நடையே வாகனமாக இருந்த காலத்தில் அந்தக் கணக்குப் பொய்த்ததில்லை. விமானம் வந்த பிறகு தூரமும் நேரமும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து போயின. எப்படிப் பிரிந்தன என்பதை இரண்டே விமான நிலையங்களை வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்று எண்ணுகிறேன். ஒன்று நம் சென்னை மீனம்பாக்கம். மற்றொன்று கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்திலுள்ள பலாலி.

மாணவ நண்பர்கள் பூகோளப் படம் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு இடங்களையும் நான் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கணக்கு மிகச் சுலபம். மீனம்பாக்கம் வட அட்சம் 12 பாகை 59 கலையில் இருக்கிறது. பலாலி வட அட்சம் 9 பாகை 47 கலையில் இருக்கிறது. தீர்க்க ரேகையிலோ இரண்டுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. இரண்டும் கிழக்கே 80 பாகையை ஒட்டியே நிற்கின்றன. ஆகவே ஒன்றுக்கு நேர் தெற்கே மற்றொன்று என்று சொல்லிவிடலாம். 12 பாகை 59 கலையிலிருந்து 9 பாகை 47 கலையைக் கழித்தால் மிச்சம் 3 பாகை 12 கலை. ஒரு பாகைக்கு அறுபது கலை வீதம் 192 கலை. வடக்குத் தெற்காகச் செல்லும்போது ஒரு கலைக்கு ஒரு கடல் மைல். கப்பலோட்டிகளும் விமானிகளும் இன்றுவரை கடல் மைலை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதன் இரகசியம் இதுதான். அட்சக் கணக்குத் தெரிந்தால் தூரக் கணக்குத் தானே வந்துவிடும். ஒரு கடல் மைலுக்கு 1852 மீட்டர். 192 ஐ 1852 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 355 கிலோமீட்டர் வருகிறது. பூமி சரியான உருண்டையாக இல்லாமல் துருவங்களில் சற்றே தட்டையாக இருப்பதால் இந்த விடையில் ஒரு கிலோமீட்டருக்குச் சிறிது மேலே தள்ள வேண்டும். அதைப்பற்றி நாம் கவலைப்பட வேண்டாம்.

இதே முறையில் சென்னைக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் கணக்கிட்டுப் பார்த்தேன். அங்கே தீர்க்க ரேகையும் மாறுவதால் பைதாகரஸின் துணை வேண்டியிருந்தது. விடை ஏறத்தாழ 418 கிலோமீட்டர். அதாவது, மதுரையைவிட யாழ்ப்பாணம் சென்னைக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் பக்கத்தில் இருக்கிறது! இதை முதன்முதலாகக் கணக்கிட்டபோது நான் தவறு செய்துவிட்டேனோ என்று ஐயுற்று, இரண்டாம் முறையும் போட்டுப் பார்த்தேன். அதே விடைதான் வந்தது. மதுரை பக்கத்து ஊர் என்றும், யாழ்ப்பாணம் வெகு தொலைவு என்றும் நம் மனத்தில் ஒரு படம் இருக்கிறதே, அந்தப் படத்தை வரைந்தது பூகோள ஆசிரியர் அல்லர்.

தூரம் கிடைத்தது. இனி நேரம். இந்த வழியில் 2019 ஆம் ஆண்டு முதல் பறந்தவை ஏ.டி.ஆர். 72 என்னும் வகையைச் சேர்ந்த, இரண்டு சுழல் விசிறிகள் கொண்ட விமானங்கள். மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகம் உடையவை. பள்ளிக்கூடக் கணக்கின்படி 355 ஐ 500 ஆல் வகுத்தால் 43 நிமிஷம். ஆனால் பயணச் சீட்டைப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருக்கும். மற்ற நாற்பது சொச்சம் நிமிஷம் எங்கே போயிற்று?

2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு சொற்பொழிவுக்காக இந்த விமானத்தில் போனேன். கையிலே கடிகாரமும் குறிப்புப் புத்தகமும் வைத்துக்கொண்டு கணக்கு எழுதினேன். பக்கத்தில் இருந்தவர் என்னை விமானக் கம்பெனியின் தணிக்கையாளர் என்றே முடிவு கட்டியிருக்க வேண்டும். விமானக் கால அட்டவணையிலே பயண நேரம் என்பது வானத்தில் பறக்கும் நேரம் அன்று. சக்கரங்களுக்கு முன்னால் வைத்த தடைக்கட்டையை எடுக்கும் கணம் முதல், மறு நிலையத்தில் மீண்டும் தடைக்கட்டையை வைக்கும் கணம் வரைக்கும் உள்ள நேரம் அது. அன்று கட்டை எடுத்தபின் ஓடுபாதைக்கு ஊர்ந்து போய், முறை வரும் வரை நின்று, மேலே கிளம்புவதற்குப் பதினான்கு நிமிஷம் ஆயிற்று. வானத்தில் இருந்தது அறுபத்திரண்டு நிமிஷம். இறங்கி நின்று கட்டை வைக்க நான்கு நிமிஷம். மொத்தம் எண்பது. பழைய கணக்கில் மூன்றே கால் நாழிகைக்குச் சற்று மேல்.

வானத்திலேயே 43 நிமிஷம் ஏன் 62 ஆயிற்று என்று கேட்கலாம். மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை ஏறக்குறையக் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது; பலாலியின் பாதையோ வடகிழக்குத் தென்மேற்காக. தெற்கே போக வேண்டிய விமானம் காற்றை எதிர்த்து வேறு ஒரு திசையில் எழும்பி, பிறகு வளைந்து திரும்ப வேண்டும். எழும்பியவுடன் முழு வேகம் வந்துவிடாது. ஐந்து கிலோமீட்டர் உயரம் ஏறும் வரை மலைச்சாலையில் மாட்டுவண்டி போவது போல்தான். இறங்கும்போதும் அப்படியே, பல மைலுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். தவிரவும், பூகோளப் படத்தில் நாம் வரைந்த நேர்கோடு மாமல்லபுரத்தையும் கல்பாக்கத்தையும் ஒட்டிச் செல்கிறது. கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் இருப்பதால் அதற்கு மேலே பறக்கத் தடை. விமானி ஒதுங்கித்தான் போக வேண்டும். அதன்பின் கோடு முழுவதும் கடல். புதுச்சேரியும் காரைக்காலும் கோடிக்கரையும் வலப்புறத்தில் தொலைவாகத் தங்கிவிடுகின்றன. காற்றைப்பற்றி ஒரு வார்த்தை. இந்த வழி வடக்குத் தெற்கு வழியாதலால், வடகிழக்குப் பருவக்காற்றானாலும் தென்மேற்குப் பருவக்காற்றானாலும் பெரும்பாலும் விலாப்பக்கத்திலேதான் தாக்கும். அதனால் போவதற்கும் வருவதற்கும் நேரம் அதிகம் வேறுபடுவதில்லை. இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே உள்ளது போல், மேலைக் காற்றோட்டம் ஒரு திசையில் ஒரு மணி நேரத்தைக் கொடுத்து மறு திசையில் பறிக்கும் விளையாட்டு இங்கே இல்லை.

திருச்சிராப்பள்ளியிலிருந்தும் பலாலிக்கு 2025 மார்ச்சு இறுதியில் விமானம் விட்டார்கள். அந்தத் தூரம் ஏறத்தாழ 184 கிலோமீட்டர். சென்னைத் தூரத்தில் பாதி. நேரம் பாதியாயிற்றா? ஆகவில்லை, அட்டவணையில் ஏறக்குறைய ஒரு மணி என்றிருந்தது. ஊர்வதும் ஏறுவதும் இறங்குவதும் தூரத்தைக் கேட்டுக் குறைவதில்லை. குறுகிய வழியிலே அவைதாம் பெரும் பங்கைத் தின்றுவிடும்.

இவ்வளவும் விஞ்ஞானம். இனிச் சரித்திரத்துக்கு வருகிறேன். கொழும்புக்கு அருகே இரத்மலானையில் விமானத் திடல் அமைத்தபோது, 1935 நவம்பர் 27 ஆம் நாள் அங்கே முதன்முதலாக வந்து இறங்கிய சிறு விமானம் சென்னையிலிருந்து போனதே ஆகும். பலாலித் திடல் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையினர் அமைத்தது. போர் முடிந்து, 1947 டிசம்பர் 10 ஆம் நாள், ஏர் சிலோன் கம்பெனி தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. இரத்மலானையில் கிளம்பிய டக்கோட்டா விமானம் காங்கேசன்துறை என்று அன்று குறிக்கப்பட்ட பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்கு வந்தது. விமானத்தின் பெயர் சீதாதேவி. இலங்கையிலிருந்து சீதை வானவழியாகத் திரும்பி வருவதை யார் நினைத்துப் பெயர் வைத்தார்களோ, நகைச்சுவை உடையவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

டக்கோட்டாவின் வேகத்தை மணிக்கு 280 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பலாலி முதல் சென்னை வரை, பள்ளிக்கூடக் கணக்கில், 76 நிமிஷம். இன்றைய விமானத்துக்கு 43. எழுபது ஆண்டு விஞ்ஞானம் இந்த ஒரு வழியிலே நமக்குச் சேமித்துக் கொடுத்தது அரை மணி நேரம் என்று ஆகிறது. அந்த எழுபது ஆண்டுக்கு நடுவே வேறு சக்திகள் எவ்வளவு நேரத்தைச் சேர்த்தன என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி.

கடல் வழி முதலில் அறுந்தது. எழும்பூரில் புகைவண்டி ஏறித் தனுஷ்கோடி போய், கப்பலில் தலைமன்னாரில் இறங்கும் வழி 1914 இல் திறக்கப்பட்டது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. வானவழியில், ஏர் சிலோன் கம்பெனி 1979 இல் தொழிலை மூடியது. 1983 இல் உள்நாட்டுப் போர் மூண்டது. பலாலி இராணுவத் தளமாயிற்று. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போய்க்கொண்டிருந்த யாழ்தேவி இரயில் 1990 இல் நின்றது. மறுபடியும் இரயில் யாழ்ப்பாண நகரை எட்டியது 2014 அக்டோபரில். தரை வழியான ஏ-9 பெருஞ்சாலை 2002 இல் திறந்து, 2006 இல் மூடி, 2009 இல் போர் முடிந்த பின் மீண்டும் திறந்தது. இடையே 1998 செப்டம்பர் 29 இல், பலாலியிலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய பயணிகள் விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டு, மன்னார்க் கடற்புறத்தில் வீழ்ந்தது. அதில் இருந்த 55 பேரும் மாண்டனர்.

என்னோடு கல்லூரியிலே பணியாற்றிய நண்பர் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர். கணித ஆசிரியர். 1992 இல் அவருடைய தாயார் ஊரிலே காலமானார். தொலைபேசிக் கம்பிகள் அறுந்து கிடந்த காலம். செய்தி ஒருவர் வாய் வழியே கொழும்பு போய், அங்கிருந்து சென்னைக்கு வந்து சேர ஐந்து நாளாயிற்று. அவர் அன்றே புறப்பட்டார். சென்னையிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு 650 கிலோமீட்டர். அந்தப் பகுதி ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது. கொழும்பிலிருந்து வவுனியா போய், வடக்கே செல்ல அனுமதிச் சீட்டுக்காகக் காத்திருந்தார். பின்னர் லாரியிலும் சைக்கிளிலும் நடந்துமாகக் கிளாலி என்னும் இடத்துக்குச் சென்றார். ஆனையிறவுச் சாலை அடைபட்டுக் கிடந்ததால், அந்தக் கடனீரேரியை இரவிலே, விளக்கில்லாத படகில் கடப்பதுதான் அன்று யாழ்ப்பாணத்துக்கு இருந்த பொது வழி. படகுகள் துப்பாக்கிக்கு இலக்கான இரவுகளும் உண்டு. அவர் வீட்டு வாசலை மிதித்தது தாயார் மறைந்த பதினான்காம் நாள். எட்டுச் செலவும் முடிந்து, உறவினர் கலைந்து போயிருந்தனர். மூத்த சகோதரி மட்டும் திண்ணையில் இருந்தாராம். "தம்பி, இனி முப்பத்தொன்றுக்காவது நில்" என்றாராம். நின்று, அந்தியேட்டி முடித்துத் திரும்பினார்.

திரும்பி வந்த சில நாளில், கல்லூரி ஆசிரியர் அறையில், அவர் ஒரு பூகோளப் படத்தை விரித்து அளவுகோலை வைத்துக் கோடு ஒன்று வரைந்தார். சென்னை மீனம்பாக்கத்திலிருந்து கட்டுநாயக்காவுக்கு நேர்கோடு. என்னை அழைத்து, "இது எங்கே போகிறது, பாருங்கள்" என்றார். பார்த்தேன். கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலேயே போயிற்று. பிறகு நான் கணக்கிட்டும் பார்த்தேன். பலாலி ஓடுபாதைக்கு மேற்கே ஆறு கிலோமீட்டருக்குள்ளாகவே அந்தக் கோடு செல்கிறது. அன்று விமானி எந்த வழியில் ஓட்டினாரோ, அது வேறு செய்தி. போர்க்காலத்தில் விலகியும் போயிருக்கலாம். கோடு சொல்லும் கணக்கு இது: சென்னையிலிருந்து தம் வீட்டை நோக்கி நேரே 355 கிலோமீட்டர் வந்து, நில்லாமல் மேலும் முந்நூறு கிலோமீட்டர் தெற்கே கடந்து போய், அங்கே இறங்கி, தரையிலே நானூறு கிலோமீட்டர் வடக்கே திரும்பி வருவது. ஒன்றேகால் மணி விமானத்தில். ஒன்பது நாள் தரையில். நண்பர் கோட்டை அழிக்காமல் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டார். கணித ஆசிரியர் ஆனதால் அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

நேரத்தைப்பற்றிப் பேசும்போது ஒரு விந்தையையும் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். பயணச் சீட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி இருக்கும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நெடுங்காலம் ஒரே நேரம். 1996 இல் மின்சாரச் சிக்கனத்துக்காக இலங்கை தன் கடிகாரத்தை மே மாதம் ஒரு மணி முன்னே தள்ளி, அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது. ஆக, 2006 ஏப்ரல் வரை அங்கே நம்மைவிட அரை மணி முந்திய நேரம். அந்த ஆண்டுகளில் சென்னையில் பத்து மணிக்குப் புறப்பட்டுக் கொழும்பில் பதினொன்று ஐம்பதுக்கு இறங்கினால், பயணம் ஒரு மணி இருபது நிமிஷம்தான். போர்முனைக்கு அப்பால் இருந்த வன்னிப் பகுதியிலோ பழைய நேரமே நடந்தது. சிறிய தீவு ஒன்றிலே இரண்டு நேரம்! முன்பகலா பிற்பகலா என்பதைக்கூட எந்தச் சோதனைச் சாவடியில் நின்று கேட்கிறோம் என்று பார்த்துச் சொல்ல வேண்டிய நிலை.

2019 அக்டோபர் 17 இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11 முதல் சென்னை விமானம் பயணிகளை ஏற்றிப் பறக்கத் தொடங்கியது. நான்கே மாதம். 2020 மார்ச்சில் கொள்ளை நோய் வந்து வழியை மூடிற்று. 2022 டிசம்பர் 12 இல் மீண்டும் தொடங்கினார்கள். 2024 செப்டம்பரில் இரண்டாவது கம்பெனி ஒன்றும் சென்னையிலிருந்து விமானம் விட்டது. கடலிலும் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியும் ஓடிற்று.

நான் போன விமானத்திலே எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட தம்பதியர் இருந்தனர். வளசரவாக்கத்தில் மகளோடு முப்பது ஆண்டுக்கு மேல் தங்கிவிட்டவர்கள். நான் குறிப்புப் புத்தகத்தில் நிமிஷங்களை எழுதிக்கொண்டிருந்ததைக் கண்டு, "தம்பி, என்ன எழுதுகிறீர்கள்?" என்று பெரியவர் கேட்டார். சொன்னேன். அவர் தம் மனைவியைப் பார்த்து, "ஒரு மணியும் இருபது நிமிஷமுமாம்" என்றார். அம்மையார் நம்பவில்லை. கீழே இறங்கியபின்னும், பேருந்து வரும் வரை, என்னிடம் மறுபடியும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

நேரம் முடியப் போகிறது. படத்தை மூடுவதற்கு முன் மாணவர்கள் தாமே செய்து பார்க்க ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டுப் போகிறேன். இரத்மலானை வட அட்சம் 6 பாகை 49 கலையில், ஏறக்குறைய அதே தீர்க்க ரேகையில் இருக்கிறது. பலாலிக்கு 9 பாகை 47 கலை என்று முன்பே சொன்னேன். பலாலியிலிருந்து இரத்மலானைக்கு எத்தனை கடல் மைல் என்று கண்டுபிடித்து, சென்னைக்குள்ள 192 க்குப் பக்கத்தில் அதை எழுதிப் பாருங்கள். விடை 178 வர வேண்டும்.